சும்மா நின்றவள்

தொழில்முறை மல்யுத்தத்தில் வீரனோடு மேடைவரை நடந்துவந்து, அவன் கயிறுகளுக்குள் நுழைந்தபின் வெளியே நின்றுகொள்ளும் பெண்ணை ஆங்கிலத்தில் ‘வாலே’ என்பர். இளம் ஏவலாளனைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. பிரபுவின் ஆடையை எடுத்துவைத்தவன் வாலே. இன்று விடுதி வாசலில் நம் காரை வாங்கிச் சென்று நிறுத்துபவரும் வாலே. ஆண் பணியாளனுக்குரிய அந்தப் பெயர், மல்யுத்த மேடையின் ஓரத்தில் மட்டும் பெரும்பாலும் பெண்ணின் பெயராயிற்று. அச்சொல் அவள் செய்யும் தொழிலை விளக்குவதில்லை, மறைக்கிறது என்பது என் கருத்து.

பெண்களின் உழைப்புக்கு வழங்கும் சொற்களைப் பற்றிய ஓர் உரையாடலில் மிஸ் எலிசபெத்தின் பெயரை நான் எடுத்தபோது, “அவர் சும்மா நின்றவர்தானே?” என்றார் நண்பரொருவர். அந்தச் ‘சும்மா’வைப் பற்றியதே இப்பதிவு. சற்று நீளமானது, பொறுத்தருள்க.

எலிசபெத் ஆன் ஹூலெட் 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் தகவல்தொடர்பியல் பயின்றவர். உடற்பயிற்சிக் கூடமொன்றில் பணியாற்றியபோது, பின்னாளில் ரேண்டி சேவேஜ் என்று உலகறிந்த மல்லரைச் சந்தித்தார். சேவேஜின் தந்தை நடத்திய சிறு மல்யுத்த நிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். 1984 டிசம்பரில் இருவரும் மணந்துகொண்டனர். 1985இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தின் தொலைக்காட்சி மேடைக்குச் சேவேஜ் வந்தார். அந்நிறுவனத்தின் பேர்பெற்ற மேலாளர்கள் எல்லாம் அவரைத் தம் பக்கம் இழுக்கப் போட்டியிடுவதாகவும், அவர்களை ஒதுக்கிவிட்டு யாரும் அறியாத ஒரு பெண்ணை அவர் தேர்ந்தெடுப்பதாகவும் கதை அமைக்கப்பட்டது. அப்பெண்ணே மிஸ் எலிசபெத். அவர்கள் கணவன் மனைவி என்பதைக் கதை சொல்லவில்லை.

இந்த மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்னரே முடிவு செய்யப்பட்டிருக்கும். விழுகிற அடியும் முறிகிற எலும்பும் மெய். யார் வெல்வார் என்பது மட்டும் எழுதப்பட்டது. ஆகவே இது போட்டியைவிடக் கூத்துக்கே நெருக்கமானது. கூத்தில் ஒரு பாத்திரத்தின் பங்கை அளக்க, அது எத்தனை பேரை வீழ்த்தியது என்று எண்ணுவது பொருந்தாது; அது இல்லாவிட்டால் ஆட்டம் என்னவாகும் என்றுதான் கேட்கவேண்டும்.

முதலில் பெயரிடலைப் பார்ப்போம். அதே காலத்தில் அதே மேடையோரத்தில் பாபி ஹீனன், ஜிம்மி ஹார்ட் போன்ற ஆண்களும் நின்றனர். அவர்களும் வீரனோடு நடந்துவந்தனர்; நடுவரின் கவனத்தைக் கலைத்தனர்; வீரன் விழும்போது பதறினர். அவர்களைக் குறித்த சொல் ‘மேலாளர்’. எலிசபெத்தையும் அறிவிப்பாளர்கள் மேலாளர் என்று அழைத்ததுண்டு. ஆனால், அவர் வாழ்வை எழுதியவர்களின் ஏட்டில் அவர் பெரிதும் வாலே என்றே நிலைத்தார். பணி ஒன்று, பெயர் இரண்டு. வேறுபாடு எங்கே என்று தேடினால், ஆண் மேலாளர்கள் ஓயாமல் பேசினார்கள், எலிசபெத் மிக அரிதாகவே பேசினார் என்பது மட்டுமே கிடைக்கிறது. பேசுவது வேலை, பேசாதிருப்பது வேலையன்று என்னும் முன்முடிவு இங்கே இருக்கிறது. மொழியியல் பயின்ற எவரும் ஏற்கக்கூடாத முன்முடிவு அது. உரையாடலில் மௌனத்திற்கும் இடமுண்டு, பொருளுண்டு என்பது நம் துறையின் பாலபாடம்.

அந்த மௌனம் என்ன செய்தது? ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட தம் கட்டுரைத் தொகுப்பின் தொடக்கத்திலேயே மல்யுத்தத்தை வைத்தார். மல்யுத்தம் விளையாட்டன்று, ஒரு காட்சி. அங்கே வலி, தோல்வி, நீதி ஆகியவை எல்லாருக்கும் தெளிவாகத் தெரியும் குறிகளாக மாறுகின்றன என்பது அவர் வாதம். நான் அதனோடு ஒன்றைச் சேர்ப்பேன்: குறி என்று ஒன்று இருந்தால் அதை வாசித்துக் காட்டும் முகமும் வேண்டும். இருபதாயிரம் பேர் அமர்ந்த அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு, ஒரு முழங்கை விலாவில் பட்டதா தோளில் பட்டதா என்பது தெரியாது. மேடையோரத்தில் நிற்பவள் வாயைப் பொத்திக்கொண்டால் தெரியும். அடியை அடியாக்கியது அவள் கை. எர்விங் காஃப்மன் கேட்போரைப் பல வகையாகப் பிரித்தார்: நேரே விளிக்கப்படுபவர், உடனிருந்து கேட்பவர், ஒட்டுக்கேட்பவர் என்று. எலிசபெத் இவற்றுள் எதிலும் முழுதாக அடங்காதவர். எப்படிக் கேட்கவேண்டும், எப்படிப் பார்க்கவேண்டும் என்பதைக் கூட்டத்துக்குக் கற்பித்த பார்வையாளர் அவர்.

நம் மரபில் இதற்கு உறவினர் இருக்கிறார். வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தின் கட்டியங்காரன், அரசனின் வருகையை அறிவிப்பவன், அவனுக்கு ஏவலாள், கதைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்று பொருள் சொல்பவன். ஏவலாள் என்னும் நேர்ப்பொருளில் அவனும் வாலேதான். ஆனால், கட்டியங்காரன் அரசனையே கேலி செய்யும் உரிமை பெற்றவன். கூத்தின் இன்றியமையாத உறுப்பாக எல்லாராலும் ஏற்கப்பட்டவன். எலிசபெத் அதே வேலையை வாய்மூடிச் செய்த கட்டியங்காரி. அகப்பாடல்களின் தோழியும் நினைவுக்கு வருகிறாள். பெயரற்ற அவளுடைய கூற்று எந்தெந்தச் சூழலில் நிகழும் என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்தியது. பக்கத்தில் நிற்பவளின் பேச்சுக்கு இலக்கணம் கண்ட மொழி நம்முடையது. அவளுக்கென ஒரு காதல், ஒரு வாழ்வு உண்டா என்று அந்த இலக்கணம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கோலார் தங்கவயலில் இருந்துகொண்டு கென்டக்கிப் பெண்ணைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். இவ்வூரின் சுரங்கக் குடியிருப்புகளில், நாங்கள் ‘லைன்’ என்றழைக்கும் அந்த வரிசை வீடுகளில், தொண்ணூறுகளில் கேபிள் தொலைக்காட்சியோடு மல்யுத்தமும் வந்தது. ஆண்பிள்ளைகள் வீரர்களின் உயரமும் எடையும் அச்சிட்ட சீட்டுகளை வைத்து விளையாடினர். பெண்கள் என்ன பார்த்தனர் என்பதை யாரும் கேட்டுவைக்கவில்லை. அண்மையில் என் அத்தையிடம் 1991ஆம் ஆண்டின் ஆட்டமொன்றைக் கைபேசியில் காட்டினேன். சிறிது நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “இவ சும்மாதான் நிக்கிறா. ஆனா இவ மொகத்தப் பாத்தாதான் அவனுக்கு எங்க அடி பட்டுச்சுன்னே தெரியுது.” பார்த்தின் கட்டுரையோடு நான் சேர்க்க முயன்றதை அவர் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

அதே அத்தையிடம், மாமா சுரங்கத்தில் இருந்த காலத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டால் வரும் பதில்: “நானா? சும்மாதான் இருந்தேன்.” அந்தச் சும்மாவுக்குள் என்னென்ன இருந்தன என்று கேட்டு எழுதினேன். முதல் ஷிப்டுச் சங்கு ஊதுமுன் எழுந்து அடுப்பு மூட்டியது. பொதுக்குழாயில் குடம் வைத்து வரிசையில் நின்றது. மண்ணும் எண்ணெயும் ஏறிய துணியை வெளுத்தது. மளிகைக் கடைக் கடனைச் சம்பள நாள்வரை சமாளித்தது. இரவெல்லாம் இருமிய மனிதனை நிமிர்த்தி உட்கார வைத்தது. பூமிக்கடியில் பாறை வெடித்து வீடு அதிரும்போது வாசலுக்கு ஓடிவந்து, எந்தச் சுரங்கம், எந்த ஷிப்டு என்று கேட்டு நின்றதும் அதில் அடங்கும். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம்வரை இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் கதையைச் சொல்லும் நூல்கள் பல. அதன் வாயிலில் நின்று காத்திருந்தவர்களின் கதை யாருடைய பதிவேட்டிலும் ஒரு பணியாக ஏறவில்லை.

இந்தியச் சுரங்கச் சட்டம் 1952, பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கிப் பணிசெய்வதைத் தடுத்தது. மேற்பரப்புப் பணியையும் காலை 6 மணி முதல் மாலை 7 மணிவரை என வரையறுத்தது. பாதுகாப்பு என்பது அதன் நோக்கம். அதை நான் இகழவில்லை. ஆனால், எது பணி என்பதைக் களத்தின் உள்ளே, வெளியே என்று கோடிட்டுப் பிரித்ததில் அச்சட்டமும் பங்குகொண்டது. 2019இல் அத்தடை தளர்த்தப்பட்டபோது, கோலாரின் சுரங்கங்கள் மூடப்பட்டு 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று மூடிய அவை ஒரு பெண்ணையும் அந்தப் புதிய விதியின்படி உள்ளே அழைக்கவில்லை. மூடியபின் விடியலில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு இரயிலேறியவர்களுள் பெண்களும் இருந்தார்கள். அதுவரை ‘சும்மா இருந்தவர்கள்’ ஒரே நாளில் உழைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்களா என்ன?

‘சும்மா’ என்னும் சொல்லின் பரப்பு வியப்புக்குரியது. வெறுமனே, காரணமின்றி, விலையின்றி, அமைதியாக, செயலற்று என்று அது சூழலுக்கேற்ப விரியும். சைவ மெய்யியல் மரபில் சும்மா இருத்தல் அடைதற்கரிய நிலை. தாயுமானவர் முதலானோர் ஏங்கிய பேறு. அதே சொல் லைன் வீட்டுப் பெண்ணிடம் வரும்போது ‘வருமானம் இல்லை’ என்று சுருங்கிவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வீட்டுப்பணி மட்டும் செய்வோரை வேலை செய்யாதோர் பிரிவிலேயே வைத்தது. இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வோ, ஊதியமற்ற வீட்டுப்பணிகளில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண் 97 நிமிடங்களையும் அவற்றில் செலவிடுவதாகக் கண்டது. சும்மா இருப்பதற்கு நாளில் ஐந்து மணிநேரம் தேவைப்படுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். எலிசபெத் ஆணின் பார்வைக்காகப் புனையப்பட்ட அணிகலன். அவரை உழைப்பாளியாகக் காட்டுவது அந்தச் சுரண்டலை அழகுபடுத்துவதாகாதா? மறுப்பின் முற்பாதி மெய். 1988 மார்ச்சில் சேவேஜ் ஒரே இரவில் நான்கு ஆட்டங்களில் வென்று பட்டம் சூடியபோது, எலிசபெத் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வெவ்வேறு உடையில் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் எதிராளிகளின் கவனத்தைச் சிதைக்க மேடையில் தம் பாவாடையைக் கழற்றுமாறு கதை எழுதப்பட்டது. 1989 ஏப்ரலில் சேவேஜும் ஹல்க் ஹோகனும் மோதியபோது சண்டைக்குக் காரணமாக அவரே காட்டப்பட்டார். நிறுத்தப்பட்டதோ நடுநிலை மூலையில். இருவர் அவருக்காக மோதினர். அவருக்கென ஒரு மூலை இல்லை. ஆனால், மறுப்பின் பிற்பாதி ஏற்கத்தக்கதன்று. சுரண்டல் என்று சொல்லவேண்டுமானால் முதலில் அங்கே உழைப்பு நிகழ்ந்தது என்று ஒப்பவேண்டும். அணிகலனை யாரும் சுரண்ட முடியாது. அவரைப் பாவை என்று இரங்குவோரும் வாலே என்று ஒதுக்குவோரும் சேர்ந்து ஒரே செயலைத்தான் செய்கின்றனர்: அவர் வேலையைக் கணக்கிலிருந்து நீக்குகின்றனர்.

1991 மார்ச் 24 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தோற்றால் ஓய்வு என்னும் நிபந்தனையோடு ஆடிய சேவேஜ் தோற்றார். அப்போது அவர் பக்கம் நின்ற ஷெர்ரி, வீழ்ந்துகிடந்தவரைத் தாக்கினார். பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த எலிசபெத் மேடைக்கு ஓடிவந்து ஷெர்ரியை வெளியே தள்ளினார். இருவரும் தழுவிக்கொண்டபோது அரங்கில் பலர் கண்ணீர்விட்டதைப் படக்கருவிகள் பதிந்துள்ளன. மேடையைவிட்டு இறங்குகையில், அதுவரை தமக்காகக் கயிற்றை விரித்துப் பிடித்துவந்தவருக்குச் சேவேஜ் தாமே கயிற்றை விரித்துப் பிடித்தார். அந்த ஒரு சைகை கூட்டத்துக்குப் புரிந்தது. இத்தனை நாளும் கயிற்றைப் பிடித்தது ஒரு வேலையாக இருந்ததால்தான், அது கைமாறியபோது பொருள் பிறந்தது.

அதே ஆகஸ்டில் நியூயார்க் அரங்கில் இருவருக்கும் மேடைத் திருமணம் நடந்தது. ஏழாண்டு முன்பே மணந்த தம்பதியர் மீண்டும் உறுதிமொழி கூறினர். ‘மணக்கிறேன்’ என்பது செய்தி சொல்லும் வாக்கியமன்று, செயலையே நிகழ்த்தும் வாக்கியம் என்றார் ஜே. எல். ஆஸ்டின், நாடக மேடையில் சொன்னால் அது வெறுமையாகும் என்றும் சொன்னார். இங்கே வெறுமை இருமடங்கு: சொன்ன இடம் மேடை, சொன்னவர்கள் ஏற்கனவே மணமானவர்கள். மறு ஆண்டே மெய்யான மணமுறிவு. மனைவி என்னும் மெய்யான உறவைக் கதை ஆறாண்டுகள் மறைத்துவைத்தது. அவ்வுறவு முறிந்துகொண்டிருந்த காலத்தில் அதை விழாவாக்கி விற்றது.

ஷெர்ரியின் கதை இன்னும் கூர்மையானது. ஷெர்ரி மார்ட்டல் மல்யுத்த வீராங்கனை. 1987இல் அந்நிறுவனத்தின் மகளிர் பட்டத்தை வென்றவர். 1990இல் அந்தப் பட்டமே கிடப்பில் போடப்பட்டது; 1993இல்தான் மீண்டது. களத்துக்குள் இடம் சுருங்கியபோது, களம் கண்ட பெண்ணும் ஓரத்துக்கே நகர்ந்தார். நம் நாட்டிலோ, களத்துக்குள் இறங்கிய ஹமீதா பானு 1954இல் ‘என்னை வெல்பவரை மணப்பேன்’ என்று அறைகூவியதாக விளம்பரம் செய்யப்பட்டது. பாபா பயில்வானை 1 நிமிடம் 34 வினாடிகளில் அவர் வீழ்த்தியதாக நாளேடுகள் எழுதின. பின்னாளில் கல்யாண் நகரில் பால் விற்று வாழ்ந்து 1986இல் மறைந்தார். ஆணோடு நின்றவளுக்கு ஆணின் பெயர்; தனித்து நின்றவளுக்கு ஆணோடு முடியப்போகும் வாக்குறுதி. இரண்டிலும் அவள் தொழில் தனக்கென ஒரு சொல்லைப் பெறவில்லை.

சொல் இல்லாமற்போவதற்கு விலை உண்டு. அமெரிக்க மல்யுத்த நிறுவனங்கள் தம் மேடைக் கலைஞர்களை ஊழியர்களாகக் கொள்ளாமல் தனி ஒப்பந்தக்காரர்களாகவே வகைப்படுத்தின. ஊழியர்களுக்குரிய மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. வீரனுக்கே இந்நிலை என்றால், அவன் ஓரத்தில் நின்றவளுக்கு? 1996இல் போட்டி நிறுவனமொன்றில் மீண்டும் அதே ஓரத்துக்கு வந்த எலிசபெத், 2000இல் அங்கிருந்து விலகினார். 2003 மே 1 அன்று ஜார்ஜியா மாநிலத்தில், வலிநீக்கி மருந்துகளும் மதுவும் சேர்ந்து நஞ்சானதால் இறந்தார். அப்போது அவர் வயது 42. ஒரு சொல் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டுகள் உழைத்தவரை அவர் தொழிலின் பெயரால் நினைவுகூரவும் இயலாமற்போனது என்றுதான் சொல்கிறேன். சேவேஜின் முன்னாள் மனைவி, இன்னாரின் தோழி என்றே செய்திகள் அவரை அடையாளப்படுத்தின.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கு இறுதியாக ஒன்று. பீட்டர் ட்ரட்கில் 1972இல் நாரிச் நகரப் பேச்சை ஆராய்ந்தபோது, பெண்கள் உயர்வழக்கை நாடுவதற்கு ஒரு விளக்கம் தந்தார்: ஆண்கள் தாம் செய்வதால் மதிப்பிடப்படுகின்றனர், பெண்கள் தாம் தோன்றும் விதத்தால் மதிப்பிடப்படுகின்றனர் என்பது அதன் சாரம். அதைச் சமூக மொழியியல் மாணவர் எல்லாரும் படிக்கிறோம். வாலே என்னும் சொல்லின் இலக்கணமும் அதுவே. மணமான பெண்ணின் சமூக வகுப்பைக் கணவனின் தொழிலைக் கொண்டு குறிக்கும் வழக்கம் நம் துறையில் நெடுங்காலம் இருந்தது. பெண்ணிய மொழியியலார் எண்பதுகளிலேயே அதைக் கண்டித்தனர். ஆயினும் களப்பணிப் படிவத்தில் ‘தொழில்’ என்னும் கட்டம் வரும்போது, “சும்மாதான் இருக்கேன்” என்று ஒரு பெண் சொன்னால் நாம் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறோம். பிறகு அவர் பேசிய மொழியை மட்டும் பதிவுசெய்துகொண்டு வருகிறோம். அப்படிப் பேச நேரம் ஒதுக்கியதும் அவர் செய்த வேலைதான். அவருக்கு நம் ஏட்டில் ‘தகவலாளி’ என்று பெயர்.

அந்தக் கட்டத்தில் கோடு போடாதீர்கள். சும்மா என்று பதில் வந்தால், அது விடையன்று, அடுத்த கேள்விக்கான வாசல். சங்கு ஊதுமுன் என்ன செய்தீர்கள், ஊதியபின் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். வருகிற பட்டியலை அப்படியே எழுதுங்கள். கட்டம் போதாது, படிவத்தைப் பெரிதாக்குவோம்.